ஐப்பசியில் மாம்பழம் கேட்ட அரசன்

ஆறுகளுக்கு அணை கட்டாத காலம் அது. ஊருக்கும் ஊருக்கும் நடுவே சாலை போடாத காலம். ஆனால் ராஜாக்களுக்கு மட்டும் அப்போதும் பஞ்சமே இல்லை. ஒருநாள் முழுக்க நடந்தால் மூன்று ராஜாக்களின் எல்லையைத் தாண்டிவிடலாம். அந்த ராஜாக்களில் ஒருவன்தான் ஆலங்குன்றத்து அரசன் விசயதரன்.

நல்லவன்தான், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கோபத்தில் யாரையும் அடிக்கச் சொல்லமாட்டான். யானைக்கு முதுகு வலிக்குமே என்று பாதி வழியில் இறங்கி நடப்பான். ஆனால் சாப்பாட்டு இலையின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவன் வேறு ஆள்.

அவனுக்குச் சமைத்துப் போட்டவள் சடைச்சி. அரண்மனை மடைப்பள்ளிக்கு அவள்தான் தலைவி. ஒன்பது வருடமாக அந்த அடுப்புகளைக் கட்டி மேய்த்தவள். அவள் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன். கேளுங்கள், கேட்கக் கேட்க உங்களுக்கே எரிச்சல் வரும்.

விசயதரனிடம் ஒரு கொள்கை இருந்தது. "கிடைப்பதைத் தின்பவன் குடியானவன், கிடைக்காததைத் தின்பவன்தான் அரசன்" என்பான். யார் அவன் தலையில் அதை ஏற்றினார்களோ, தெரியாது.

சித்திரையில் ஊரே முழங்கை வரை சாறு வழிய மாம்பழம் தின்றுகொண்டிருக்கும். அவனுக்கு அவரைக்காய் வேண்டும். ஆடிக்காற்று கூரையைப் பிய்க்கும். அவனுக்கு நெல்லிக்காய் வேண்டும். மார்கழிப் பனியில் பல்லோடு பல் தந்தியடிக்கும். அவனுக்கு நுங்கு வேண்டும்.

இருப்பதைச் சமைத்து அனுப்பினால் இலை அப்படியே திரும்பி வரும். கேட்டது இல்லையென்றால் காவலன் வருவான். காவலனுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பினால் அமைச்சர் தத்தனாரே வந்து, "என்னம்மா இது, ஒரு காய்க்கா இத்தனை கலாட்டா?" என்று சடைச்சியையே கேட்பார். அவள் வாயைத் திறக்காமல் அம்மியைப் பார்த்துத் திரும்பி, மிளகை நங்கு நங்கென்று அரைப்பாள்.

ஒரு வருடம் ஐப்பசி பிறந்தது. வெயில் தணிந்து, கூதிர்க்காற்று சிலுசிலுவென்று வீசியது. ஆற்றங்கரைத் தோட்டங்களில் நாற்பது குடும்பங்கள் பயிர் செய்துவந்தன. அந்த ஐப்பசியில் அங்கே காய்த்தது போல் எந்த வருடமும் காய்த்ததில்லை. பந்தல் தெரியாமல் அவரைக்காய் தொங்கியது. பீர்க்கங்காய் வேலிக்கு வேலி தாவியது. மாதுளை வெடித்துச் சிரித்தது. மண்ணைக் கிளறினால் சேப்பங்கிழங்கு, மரத்தடிக்குப் போனால் விளாம்பழம்.

தோட்டக்காரர்களுக்குத் தலைவர் முத்திருளன் என்பவர். கூடைகளை மடைப்பள்ளி வாசலில் இறக்கிவைத்துவிட்டு, "எடுத்துக்கொள் தங்கச்சி. மகாராஜா இந்த வருடமாவது ஒரு வாய் சாப்பிடுவாரா?" என்று கேட்டார்.

"சாப்பிடுவார் அண்ணே" என்றாள் சடைச்சி. அந்தக் கூடைகளைப் பார்த்தபோது அவளுக்கே அப்படி ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

அவரைக்காயைத் தேங்காய் போட்டுப் பொரியல் செய்தாள். விளாம்பழத்தை வெல்லத்தோடு பிசைந்தாள். கிழங்கை மிளகு தூவி மொறுமொறுவென்று வறுத்தாள். இலை நிறையப் பரிமாறி அனுப்பினாள்.

இலை அப்படியே திரும்பி வந்தது. பின்னாலேயே காவலன் வந்தான்.

"மகாராஜாவுக்கு மாம்பழம் வேண்டுமாம்."

"ஐப்பசியிலா?"

"ஐப்பசியில்தான் வேண்டுமாம்."

சடைச்சி நெற்றியில் அடித்துக்கொண்டாள். சாறு பிழிந்து, பாயில் தடவி, வெயிலில் காயவைத்த மாம்பழத்தகடு கொஞ்சம் பானையில் இருந்தது. அதை அனுப்பினாள். "இது தோல்" என்று சொல்லி அரசன் தள்ளிவிட்டான். தேனில் ஊறப்போட்ட மாம்பழத் துண்டுகளை அனுப்பினாள். "இது தேன்" என்று தள்ளிவிட்டான். மூன்றாவதாக, தெற்கு மலைக்கு நான்கு குதிரை வீரர்கள் போனார்கள். எட்டாம் நாள் சேறும் சகதியுமாகத் திரும்பினார்கள். பருவம் தப்பிக் காய்த்த ஒரு மரத்தில் இருந்து ஏழு மாம்பழம் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றும் எலுமிச்சை அளவு.

அரசன் ஒன்றைக் கடித்தான். புளிப்பில் அவன் ஒரு கண் மூடிக்கொண்டது, காது கூசியது, கழுத்து நரம்பு புடைத்தது. கதவோரம் நின்ற சடைச்சி எல்லாவற்றையும் பார்த்தாள். இனியாவது விடுவான் என்று நினைத்தாள்.

"அபாரம்!" என்றான் அரசன். "இந்த நாட்டில் இன்று வேறு எவன் வாயிலாவது மாம்பழம் இருக்கிறதா?"

அதோடு நின்றானா? அமைச்சரைக் கூப்பிட்டான். "இதற்கு ஒரு வழி செய்துவிடுவோம். எட்டுத் திசையிலிருந்தும் மாங்கன்று கொண்டுவாருங்கள். ஒன்று காய்க்காவிட்டால் இன்னொன்று காய்க்கும். வருடம் முழுவதும் மாம்பழம். ஆற்றங்கரைத் தோட்டங்களைப் பௌர்ணமிக்கு மறுநாள் அழித்துவிட்டு அங்கே நடுங்கள். அந்தக் குடும்பங்களுக்குக் குன்றின் மேல் நிலம் கொடுத்துவிடலாம்."

குன்றின் மேல் பாறைதான் இருந்தது. அமைச்சருக்கும் அது தெரியும். ஆனாலும் தலையை ஆட்டினார்.

அன்று பின்மதியம் முத்திருளன் மடைப்பள்ளிக்கு வந்தார். கூடை கொண்டுவரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தார்.

"எங்கள் பிள்ளைகளுக்குப் பாறையில் என்னம்மா விளையும்? அவருடைய ஒரு நாக்குக்காக நாற்பது வீட்டு வயிறு காயவேண்டுமா? ஒன்பது வருடமாகப் பக்கத்தில் இருக்கிறாயே, நீயாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அந்தக் கடைசிக் கேள்வி சடைச்சியைச் சுட்டது. ஒன்பது வருடமாக அவள் அம்மியிடம் பேசியதெல்லாம் அரசனிடம் பேசியிருக்கவேண்டியது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் காலை, பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்தபோது, அவள் நேராக அரசவைக்குப் போனாள்.

"மன்னா, ஒரு உத்தரவு வேண்டும். தங்கள் கொள்கைப்படியே இனிச் சமைக்கிறேன். கிடைப்பது எதுவும் தங்கள் இலையில் விழாது. கிடைக்காதது மட்டும்தான் பரிமாறுவேன். சம்மதமா?"

அரசன் முகம் மலர்ந்தது. "ஒன்பது வருடம் கழித்து உனக்குப் புரிந்திருக்கிறது! சம்மதம். நானே கேட்டாலும் வேறெதுவும் தராதே. இது என் வாக்கு" என்றான், அவையில் எல்லோருக்கும் கேட்கும்படி.

மதியம் ஆனது. சடைச்சி தலைவாழை இலை விரித்தாள். தண்ணீர் தெளித்தாள். கையைக் கட்டி நின்றாள்.

அரசன் காத்திருந்தான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். "எங்கே சாப்பாடு?"

"பரிமாறியாயிற்று, மன்னா. இதோ மாம்பழம். இந்தப் பக்கம் பலாச்சுளை. ஓரத்தில் நுங்கு. ஐப்பசியில் கிடைக்காதது ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. சோறு கிடைக்கிறது, அதனால் வைக்கவில்லை."

அமைச்சர் கூரையைப் பார்த்தார். காவலர்கள் தரையைப் பார்த்தார்கள். அரசன் வெறும் இலையைப் பார்த்தான். அவன் காது மடல் சிவந்தது. ஆனால் வாக்கைச் சபையில் கொடுத்தாயிற்றே! மெல்ல இலையை மடித்தான்.

"நன்றாக இருந்தது" என்று சொல்லிக் கைகழுவ எழுந்தான்.

சடைச்சிக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல் இருந்தது. அவன் சிரித்திருக்கலாம். சீறியிருக்கலாம். இரண்டுக்கும் அவள் பதில் வைத்திருந்தாள். நன்றாக இருந்ததாமே! இப்படி ஒரு வீம்பை அவள் எங்கும் கண்டதில்லை.

மாலையிலும் வெறும் இலை, மறுநாள் காலையிலும் வெறும் இலை. "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றுகூட ஒருமுறை சொன்னான். அவன் கன்னம் ஒட்டிவிட்டது. அவளுக்கும் சோறு இறங்கவில்லை. பசியோடு ஒருவரை உட்காரவைத்துப் பார்ப்பது சமைக்கிறவளுக்கு எத்தனை பெரிய தண்டனை! பலமுறை ஒரு பிடி சோற்றை அள்ளிக்கொண்டு கதவு வரை போனாள். பாறையையும் நாற்பது வீட்டையும் நினைத்துத் திரும்பினாள்.

பௌர்ணமியும் வந்து போனது. உத்தரவு அப்படியே இருந்தது.

அடுத்த நாள் விடிந்ததும், அரிவாளும் மண்வெட்டியுமாக ஆட்கள் ஆற்றங்கரைக்குப் போனார்கள். அரண்மனையில் சமைக்க வேலை இல்லை. சடைச்சி பெரிய அண்டாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனாள். வெட்டப்போகிற தோட்டம் வெட்டப்படட்டும், காய்த்தது வீணாகக் கூடாது என்று எண்ணினாள்.

நாற்பது குடும்பங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசர அவசரமாகப் பறித்தன. முற்றியது, பிஞ்சு எல்லாம் ஒரே குவியலாகச் சேர்ந்தன. சடைச்சி கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். அவரைக்காய் தாளித்தாள். பீர்க்கங்காயையும் பருப்பையும் சேர்த்துக் கூட்டு வைத்தாள். கிழங்கை நெய்யில் புரட்டினாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஈரக் காற்றில் அந்த வாசனை எழும்பி, கரை முழுவதும் பரவியது.

முதல் பந்தல் விழுந்தது, இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது பந்தல் சரியும்போது அரசன் வந்தான். முதல் மாங்கன்றைத் தன் கையால் நடவேண்டும் என்று வந்திருந்தான். மூன்று நாள் பட்டினி, நடையில் தள்ளாட்டம். கன்று இருந்த பக்கம் போகவேண்டியவன் அடுப்பு இருந்த பக்கம் வந்து நின்றான்.

"சடைச்சி, அது என்ன?"

"அவரைக்காய், மன்னா. தங்களுக்கு ஆகாது. இது கிடைக்கிறது."

"அது?"

"பீர்க்கங்காய்க் கூட்டு. அதுவும் கிடைக்கிறது."

அரசன் எச்சில் விழுங்கினான். "எனக்குக் கொஞ்சம்..."

"தங்கள் வாக்கு, மன்னா. தாங்களே கேட்டாலும் தரக்கூடாது." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. ஒன்பது வருட எரிச்சலும் கூடவே கொட்டியது. "என்ன பிடிவாதம் இது? மண்ணும் மழையும் இத்தனை பேரும் சேர்ந்து தங்களுக்கு விருந்து வைத்திருக்கிறார்கள். தாங்கள் சித்திரையில் ஐப்பசியைத் தேடுகிறீர்கள், ஐப்பசியில் சித்திரையைத் தேடுகிறீர்கள். ஒரு நாளாவது இன்றைக்கு இருப்பதைச் சாப்பிட்டிருக்கிறீர்களா?"

எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அரிவாள்கள் அந்தரத்தில் நின்றன. அரசன் அவளைப் பார்த்தான். சரிந்த பந்தலைப் பார்த்தான். அதன் மேல் இன்னும் பூவும் பிஞ்சுமாகக் கிடந்த கொடியைப் பார்த்தான்.

"என் வாக்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "எனக்குப் பசிக்கிறது, அம்மா."

சடைச்சி இலை போட்டாள்.

ஈரத் தரையிலேயே அரசன் உட்கார்ந்தான். முதல் வாய் அவரைக்காயை மென்றவன் பாதியில் நிறுத்தினான். "இதுவா அவரைக்காய்? சித்திரையில் நீ கொடுத்தது வேறு மாதிரி இருந்ததே?"

"அது வற்றல், மன்னா. வெந்நீரில் ஊறவைத்தது. இது காலையில் கொடியில் இருந்தது."

அவன் மூன்று முறை சோறு வாங்கினான். விளாம்பழத்தைச் சுரண்டிச் சுரண்டி ஓட்டைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்தான்.

"அரிவாளைக் கீழே போடுங்கள். தோட்டம் தோட்டமாகவே இருக்கட்டும். விழுந்த பந்தல்களைக் கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் நீங்கள் வீட்டுக்குப் போகவேண்டும்."

முத்திருளன் முன்னால் வந்தார். அவர் கும்பிடவில்லை. "பந்தலைக் கட்டிவிடலாம், மகாராஜா. வெட்டின கொடியை எப்படிக் கட்டுவது? இனி ஆடியில் விதைத்து, அடுத்த ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். அதுவரை மூன்று வீட்டுக்கு ஒன்றும் இல்லை."

அரசன் தலை குனிந்தான். "அதுவரை அந்த மூன்று வீட்டாரும் என் பந்தியில் சாப்பிடட்டும்" என்றான். "அந்த மூன்று வீட்டுக்கும் நான் செய்தது தப்பு."

அதன் பிறகுதான் முத்திருளன் கையெடுத்துக் கும்பிட்டார்.

அடுத்த நாள் காலை மடைப்பள்ளி வாசலில் நிழல் தட்டியது. காவலனாக்கும் என்று சடைச்சி திரும்பிப் பார்த்தாள். அரசனே நின்றுகொண்டிருந்தான்.

"தோட்டத்தில் இன்று என்ன வந்திருக்கிறது?" என்று கேட்டான்.

சடைச்சி கூடை கூடையாகப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. அரசன் உட்கார்ந்து முழுவதையும் கேட்டான்.

பெரியவர்களே, பிள்ளைகளே, கதை இவ்வளவுதான்: அந்தந்தப் பருவம் தருவதை அந்தந்தப் பருவத்தில் மகிழ்ந்து உண்ணத் தெரியாதவன், எத்தனை பெரிய அரசனாக இருந்தாலும் பசித்தே கிடப்பான்.