ஆனைமடு

"ஆறு என்னை ஏமாத்திருச்சு தாயி."

சடையப்பன் ஈர வேட்டியோடு வந்து நின்றார். தலையில் மூட்டை. முழங்காலில் ரத்தம்.

தவசியம்மா தன் குடிசை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனாலும் மனசு குழம்பினால் அவர் வந்து நிற்பது அவளிடம்தான்.

அந்த ஆற்றுக்குப் பாலம் கிடையாது. முப்பது வருடமாக ஊராரைக் கைபிடித்து அக்கரை சேர்ப்பவர் சடையப்பன். தண்ணீருக்கடியில் கிடந்த பத்தொன்பது கல்லும் அவர் காலுக்கு அத்துப்படி. கண்ணை மூடிக்கொண்டே கடப்பார்.

போன வாரம் மேலே மலை சரிந்தது. மண்ணும் மரமும் ஆற்றை அடைத்துக்கொள்ள, இரண்டு நாள் இங்கே சொட்டுத் தண்ணீர் இல்லை. மலை இடுக்கில் ஏரி மாதிரி தேங்கி நின்றது. மூன்றாம் நாள் அடைப்பு உடைந்தது. பாறை உருண்டு வந்த சத்தத்துக்கு ஊரே மேட்டுக்கு ஓடியது.

இப்போது தண்ணீர் தெளிந்துவிட்டது. பார்வைக்கு அதே ஆறுதான்.

அக்கரையில் அவர் மகள் வடிவு பிள்ளை பெற்று எட்டு நாள். வெறும் கஞ்சியோடு கிடக்கிறாளாம், பால் இறங்கவில்லையாம். மாப்பிள்ளை கரையில் நின்று கத்திச் சொல்லிவிட்டுப் போனான். மூட்டையில் பூண்டும் கருப்பட்டியும் கருவாடும் இருந்தன.

காலையிலிருந்து மூன்று தரம் இறங்கிப் பார்த்தாராம். அஞ்சாவது கல் இருந்த இடத்தில் ஆள் முழுகுகிற பள்ளமாம். துணி துவைக்க வந்தவர்கள், கண்ணை மூடிக்கிட்டுப் போற ஆளு இன்னிக்குத் தொறந்துக்கிட்டே விழுந்துட்டாரே என்று சிரித்தார்களாம்.

"மூணு தரமும் அங்கயேவா இறங்குனீங்க?"

"வேற எங்க இறங்குறது? வழி அதுதானே."

அவள் கையிலிருந்த கீரைத்தண்டை ஆற்றுப் பக்கம் நீட்டினாள்.

"அங்க என்ன நிக்குது அண்ணே?"

"கொக்கு."

"எங்க நிக்குது?"

"ஆனைமடுவுல." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆனைமடுவின் ஆழம் கண்டவர் யாரும் இல்லை. அவருடைய தம்பியை விழுங்கிய மடு அது. அந்தப் பக்கம் போகாதே என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பயம் காட்டியவரும் அவர்தான்.

"எவ்வளவு நேரமா நிக்குது?"

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வழி கேட்டு வந்தவனிடம் கொக்கைக் காட்டுகிறாளே என்று முணுமுணுத்தார்.

அக்கரையிலிருந்து பிள்ளை அழுகிற சத்தம் மெலிசாகக் கேட்டது. அழுது அழுது ஓய்ந்துபோன குரல்.

தவசியம்மா எழுந்தாள். சுவரில் சாத்தியிருந்த மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு கரை இறங்கினாள். கை கழுவப் போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார்.

அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினாள். கம்பை முன்னால் ஊன்றிப் பார்த்தாள். மடுவுக்குள் கால் வைத்தாள். இன்னொரு அடி. இன்னொரு அடி.

சடையப்பன் மூட்டையோடு ஓடினார். தாயி, தாயி என்று கத்திக்கொண்டே போய் அவள் கையை எட்டிப் பிடித்தார். இழுத்தார்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

அவரும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

குனிந்து பார்த்தார். தண்ணீர் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது. அடியில் மணலும் கூழாங்கல்லும் கெட்டித்துக் கிடந்தன. சரிந்த மலை வந்து மடுவுக்குள் படுத்திருந்தது.

கொக்கு எழும்பிப் பறந்து, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது.

"அடுத்த அடி எங்க வைக்கணும் அண்ணே?"

பழக்கத்தில் வாயைத் திறந்தார். பிறகு கொக்கு நிற்கிற இடத்தைப் பார்த்தார்.

"தெரியல தாயி," என்றார். "கம்பைக் குடுங்க."