பின்வளைவுக்குக் கீழே

“எனக்கு எதுவுமே முழுசாத் தெரியல சார். நான் போயிடறேன்” என்றாள் பொன்ஷீலா.

கேப்டன் மச்சாது மிதவை அங்கியின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். அவர் அந்தத் துறைமுகத்தின் மூத்த பைலட். வெளியிலிருந்து வருகிற எந்தக் கப்பலும் தன் பாட்டுக்கு உள்ளே நுழைந்துவிட முடியாது. பைலட் கடலுக்குள் போய், ஏறி, வழி சொல்லிக் கொண்டுவர வேண்டும். கல்லூரி முடித்துச் சேர்கிற பயிற்சி அதிகாரிகளுக்கும் அவர்தான் பொறுப்பு.

மூன்று மாதத்துக்கு ஒரு பிரிவு என்று மாற்றிக்கொண்டே இருப்பது அந்தப் பயிற்சியின் முறை. பொன்ஷீலா கிடங்கில் சரக்கு சரிபார்த்தாள். கிரேனில் ஏறினாள். ஆழம் அளக்கிற படகில் போனாள். சிக்னல் கோபுரத்தில் உட்கார்ந்தாள். பெரிய கப்பல்களை முட்டித் தள்ளித் திருப்புகிற டக் படகில் மூன்று மாதம். கடைசியாகக் கயிற்றுப் படகு. கப்பலிலிருந்து இறக்குகிற கயிற்றை வாங்கிக் கரைக்குக் கொண்டுபோகிற சின்னப் படகு அது.

ஒவ்வோர் இடத்திலும் கை பழகி, ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கும்போது அடுத்த உத்தரவு வந்துவிடும்.

கூடப் படித்தவர்கள் ஒரே வேலையில் இருந்து தேறிவிட்டார்கள் என்றும், உனக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் சொல்லத் தன்னிடம் ஒன்றுமில்லை என்றும் அவள் சொன்னாள். பெங்களூரில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் சொன்னாள்.

அவர் ஆணியில் தொங்கிய இன்னோர் அங்கியை எடுத்து நீட்டினார்.

“நிலக்கரிக் கப்பல் ஒண்ணு வெளிய நிக்குது. வாங்க.”

நூலேணியில் ஏறி, கப்பலை ஓட்டுகிற மேல்தட்டுக்கு வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. இதுவரை கப்பல்களை அவள் கீழேயிருந்துதான் பார்த்திருந்தாள். மேலேயிருந்து பார்த்தால் துறைமுகம் முழுவதும் ஓர் உள்ளங்கை அளவுக்கு இருந்தது. தான் மூன்று மாதம் வாழ்ந்த டக், தீப்பெட்டி மாதிரி பின்னால் வந்துகொண்டிருந்தது.

அந்தக் கப்பலின் கேப்டன் வேற்று நாட்டுக்காரர். மச்சாது சொல்லச் சொல்ல அவர் திருப்பினார். இருநூற்று முப்பது மீட்டர் இரும்பு, சத்தமில்லாமல் கரைச் சுவரை நோக்கி நகர்ந்தது.

முன்பக்கக் கயிறு கரை ஏறிவிட்டது. பின்பக்கக் கயிற்றை இறக்கும் நேரத்தில்தான் கரைக்காற்று எழுந்தது. கப்பலின் பின்பக்கம் மெல்ல விலகத் தொடங்கியது. அது விலகுகிற திசையில் அலைதடுப்புப் பாறைகள்.

மச்சாது டக்கை ஓட்டுகிற செய்யதை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, பின்பக்கத்தைத் தள்ளச் சொன்னார்.

பதில் இல்லை. டக்கின் ஹாரன் மட்டும் கேட்டது, சின்னதாக இரண்டு முறை.

மறுபடி சொன்னார். மறுபடியும் அதே இரண்டு ஹாரன். டக் இருந்த இடத்திலேயே நின்றது.

கப்பல் கேப்டன் பொறுமை இழந்தார். டக் வேண்டாம், என் எஞ்சினையே ஓட்டிச் சரிசெய்துகொள்கிறேன் என்று விசையின் மேல் கை வைத்தார்.

மச்சாது அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார். பிறகு திரும்பிப் பொன்ஷீலாவைப் பார்த்தார்.

“டக் ஏன் தள்ளல?”

அங்கிருந்து பார்த்தால், கப்பலின் பின்பக்கம் தண்ணீருக்கு மேல் கவிந்து வளைகிற அந்தப் பின்வளைவுக்குக் கீழே எதுவும் தெரியாது. பின்தளத்தில் நிற்கிற மாலுமிகளுக்கும் தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரிந்தது. தலைக்கு மேல் கவிந்த இரும்பு, பாசி வாடை, தண்ணீருக்குள் கறுப்பாக நிற்கிற, எஞ்சின் ஓடினால் சுழல்கிற விசிறி இலை. அந்த இருட்டுக்குள் உட்கார்ந்து அதே இரண்டு ஹாரனை அவள் கேட்டிருக்கிறாள்.

“அடியில கயித்துப் படகு இருக்கு சார். கயிறு தண்ணில விழுந்திருக்கும். கில்பர்ட்டும் வேல்ச்சாமியும் கையால இழுத்துட்டிருப்பாங்க. ஹாரன் நமக்கில்ல, அவங்களுக்கு. வெளிய வாங்கன்னு.”

“செய்யது ஏன் வயர்லெஸ்ல சொல்லல?”

“ஒரு கை சுக்கான்ல சார். இன்னொரு கை ஹாரன்ல.”

மச்சாது கையை எடுக்கவில்லை. கப்பல் விலகிக்கொண்டே இருந்தது. பாறைகளின் மேல் நின்ற கொக்குகளை எண்ணிவிடலாம் போல இருந்தது.

அந்த ஒரு நிமிடத்தில் பொன்ஷீலாவுக்குத் துறைமுகம் முழுவதும் கண்முன் வந்தது. சிக்னல் கோபுரத்தில் தேவசேனா அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றிருப்பாள். கிரேன் உச்சியில் ஒருவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்திருப்பார். கீழே ஆழம் எவ்வளவு, மண் எங்கே மேடு தட்டியிருக்கிறது, எல்லாம் அவள் காலடியில் தெரிந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பின்வளைவுக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் படகு வெளியே வந்தது. அதில் இரண்டு தலைகள்.

டக் உறுமிக்கொண்டு முட்டியது.

கப்பல் சுவரில் சாய்ந்தபோது சத்தமே வரவில்லை. கயிறுகள் ஒவ்வொன்றாக இறுகின. கப்பல் கேப்டன் மச்சாதுவின் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார்.

அவர் போனபின் பொன்ஷீலா மெதுவாகக் கேட்டாள்.

“என்னைச் சோதிக்கத்தானே ‘ஏன்’னு கேட்டீங்க?”

“இல்ல. எனக்குத் தெரியாது.”

அவள் அவரையே பார்த்தாள்.

“முப்பது வருஷமா எனக்கு இந்த மேல்தட்டுதான். அந்தப் படகுல நான் ஒரு நாளும் உக்காந்ததில்ல” என்றார் மச்சாது.

பிறகு கம்பி ஓரமாக வந்து, அவளுக்குப் பக்கத்தில் நின்று, கரையில் உயர்ந்து நின்ற கிரேனைக் காட்டினார்.

“அங்க உக்காந்து பாத்தா நாம நிக்கிற இடம் எப்படி இருக்கும்?”

கேட்டுவிட்டு, பதிலுக்காகத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.