வெற்றிலை பாக்கு வைத்துச் சொன்ன கொரோனா

கூழைக்குளத்துப் பூவலிங்கம் குடும்பத்தைப் பற்றி எதையும் கூட்டிச் சொல்ல முடியாது. அதற்கு அவர்கள் இடமே வைப்பதில்லை. அதனால் அதே ஊர்க்காரனான நான், நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

அந்த வீட்டில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர். மூத்தவர் பூவலிங்கம்; அவர் மனைவி மரகதவல்லி. நடுவில் சடையப்பன், வீட்டில் யோசிக்கிற வேலை முழுவதும் அவன் பொறுப்பு. கடைசித் தம்பி குழந்தைவேலு. பெயரில்தான் குழந்தை இருக்கிறது, தலையில் பாதி முடி போய்விட்டது. மூன்று பேருமாகச் சேர்ந்து பஜாரில் கயிறும் வாளியும் விற்கிற கடை வைத்திருந்தார்கள்.

மரியாதைதான் அந்தக் குடும்பத்தின் சொத்து. எந்தச் சேதியானாலும் நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, நின்றபடி சொல்ல வேண்டும். போனில் சொல்வதும் ஒன்று, வாசலில் நின்று வைவதும் ஒன்று. ஒரு தடவை அவர்கள் வைக்கோல் படப்பில் தீப்பிடித்தது. பூவலிங்கம் அவசர அவசரமாகக் குளித்து, சலவை வேட்டி கட்டி, தட்டோடு பக்கத்து வீட்டுக்குப் போனார். "எங்க படப்புல தீப்பிடிச்சிருக்கு. நீங்க குடும்பத்தோட வந்திருந்து அணைச்சுத் தரணும்" என்றார். அவர்கள் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். வேண்டாமென்றால் அவர்கள் மனசு நோகுமே என்று குடித்தார். திரும்பி வந்தபோது அணைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அதற்காக அவர் வருத்தப்படவும் இல்லை.

கொரோனா வந்த காலத்தில்தான் குழந்தைவேலுவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. அவன் ஒரு காலத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்த பெண்களெல்லாம் இப்போது பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அப்படியிருக்க, மேலப்பாறை அம்மையப்பன் மகள் செண்பகவடிவு, இவனைப் பார்த்துச் சரி என்று தலையாட்டிவிட்டாள். அவனால் நம்பவே முடியவில்லை. சோற்றில் கையை வைத்தபடி சிரித்துக்கொண்டிருப்பான். இந்த இடமும் தவறிப்போனால் இனி தனக்கு ஆளே இல்லை என்பது அவனுக்கே தெரியும். பாவம், அந்தப் பயம் அவனுக்குள் இருந்துகொண்டே இருந்தது.

பயத்துக்குக் காரணம் பெண்ணின் அப்பா. அம்மையப்பன் கோபித்துக்கொள்வதில் பேர்போனவர். மூத்த மகளுக்குப் பேசி முடித்த இடத்தில், தனக்கு முன்னால் வேறொருவருக்குச் சந்தனம் காட்டினார்கள் என்று நிச்சயத்தையே முறித்துக்கொண்டு வந்தவர் அவர். கல்யாணம் முடிகிறவரை அவர் முகம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள்.

இந்த நேரத்தில் பூவலிங்கம் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு வந்தார். அங்கே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்குக் கொரோனா என்று மறுநாள் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் அற்புதமேரி போன் செய்து, அங்கே சாப்பிட்ட எல்லோரும் வந்து டெஸ்ட் கொடுக்க வேண்டும் என்றாள். நேரில் வந்து சொல்லவில்லையே என்று குடும்பத்துக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் கூடிப் பேசினார்கள்.

"எனக்குத் தொண்ட கரகரங்குது. ஒடம்பு வேற அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றார் பூவலிங்கம். "இந்த நேரம் பாத்து நான் போயி டெஸ்ட் குடுத்தா நல்லாவா வரும்?"

"நல்லா வராதுண்ணே" என்றான் சடையப்பன். "ரேஷன் கடைக்கு வீட்டுல யாரு வேணாலும் போறோம்லா? அது மாதிரிதான் இதும். நான் போறேன். எனக்கு ஒரு தும்மல்கூட இல்ல."

"எனக்குந்தான் ஒண்ணும் இல்ல, நான் போகட்டுமா?" என்று கேட்டாள் மரகதவல்லி.

"பொம்பளயப் பாத்துப் பூவலிங்கம்னு சொன்னா அவுக நம்பணும்லா மைனி?"

அது நியாயமாகப் பட்டது. சடையப்பன் போய் அண்ணன் பெயரையும் வயதையும் சொல்லித் தன் மூக்கைக் கொடுத்துவிட்டு வந்தான். பூவலிங்கத்துக்குக் கொரோனா இல்லை என்று முடிவு வந்தது. அந்தச் சந்தோஷத்தில் மரகதவல்லி கேசரி கிண்டினாள். பூவலிங்கம் இருமிக்கொண்டே ஒரு கிண்ணம் சாப்பிட்டார்.

"ஏலக்கா போடலியோ?" என்று கேட்டார்.

"கை நெறைய அள்ளிப் போட்டிருக்கேன்!"

"ஒரு வாசமும் வரலியே."

சடையப்பன் யோசித்தான். அடுக்களையில் இருந்த பெருங்காய டப்பாவைத் திறந்து அண்ணன் மூக்கடியில் வைத்தான். அவர் ஆழ இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அண்ணனுக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாவ" என்றான் சடையப்பன். "அப்பம் பெருங்காயந்தான் மோசம்." டப்பாவை எடுத்துக்கொண்டு மளிகைக்கடைக்கு நேரே போனான். கடைக்காரரும் மோந்து பார்த்தார். "ஆமாய்யா, வாசமே இல்ல!" என்று வேறு டப்பா எடுத்தார். அதிலும் வாசம் இல்லை. இரண்டு நாளாக எந்தச் சாமானுமே சரியில்லை, காப்பித்தூள்கூட மண் மாதிரி இருக்கிறது என்று அவர் கம்பெனிக்காரர்களைத் திட்ட ஆரம்பித்தார்.

பஜாரில் இந்தப் பேச்சைக் கேட்ட அற்புதமேரி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். முதலில் மளிகைக்கடைக்காரரைப் பிடித்தாள். அப்புறம் வீட்டுக்கு வந்து பூவலிங்கத்தின் சொந்த மூக்கிலேயே குச்சியை விட்டாள். அவருக்குக் கொரோனா இருப்பது உறுதியானது.

"அண்ணாச்சி, தனியா ஒரு ரூம்ல இருக்கணும். வெளிய வரவே கூடாது" என்றாள். "நாலஞ்சு நாளா யார்யாருகூடப் பழகுனீகளோ, அவுக எல்லாருக்கும் மறக்காம ஒரு வார்த்த சொல்லிருங்க."

முதலில் சொன்ன இரண்டையும் அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் சொன்னது குடும்ப கௌரவம் சம்பந்தப்பட்டது. நர்ஸ் தெருமுனையைத் தாண்டுவதற்குள் மறுபடியும் கூடி உட்கார்ந்துவிட்டார்கள்.

"யாரு போயிச் சொல்லுதது?" என்று கேட்டான் குழந்தைவேலு.

"கல்யாண வீடுன்னா பொண்ணப் பெத்தவுக சொல்லணும். காதுகுத்துன்னா பிள்ளையப் பெத்தவுக சொல்லணும்" என்றான் சடையப்பன். "கொரோனான்னா வந்தவுகதான் சொல்லணும். அதான முறை?"

"ரூம விட்டு வெளிய வரக்கூடாதுன்னாளே?" என்றாள் மரகதவல்லி.

"சொல்லி முடிச்சுட்டு வந்து உள்ள இருந்துக்கிடுதேன்" என்றார் பூவலிங்கம். "எங்க போயிரப் போவுது ரூமு?"

தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துக்கொண்டு புருஷனும் மனைவியுமாகக் கிளம்பினார்கள். நர்ஸ் கொடுத்த முகக்கவசத்தை இருவரும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார்கள். ஆனால் வாயை மூடிக்கொண்டு பெரியவர்களிடம் பேசுவது அழகா? அதனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அதைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, "எனக்குக் கொரோனா வந்திருக்கு. நீங்க குடும்பத்தோட டெஸ்ட் எடுத்துக்கிடணும்" என்று சொல்வார் பூவலிங்கம். சொல்லி முடித்ததும் மறக்காமல் மறுபடி மாட்டிக்கொள்வார். அநேகமாக எல்லா வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள். ஒரு வயசான பாட்டா மட்டும், "சாப்பாடு வீட்டுலயா, மண்டபத்துலயா?" என்று கேட்டார். ஒரு வாத்தியார் இவர்களைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்கு ஏதோ வேலை போலிருக்கிறது என்று சாயங்காலம் மறுபடியும் போனார்கள்.

பழகியவர்களுக்குச் சொல்லி முடித்தபோது சடையப்பனுக்குப் புதிதாக ஒரு கவலை வந்தது. "நடுவுல நடுவுல வீடுகள விட்டுட்டுப் போயிருக்கோம்ணே. நாளைக்கு அவுக மூஞ்சில எப்படி முழிக்க?" அண்ணனுக்கும் அது சரி என்றுதான் தோன்றியது. பழகாதவர்களுக்கும் சொன்னார்கள். பால்காரர், தபால்காரர், ஊர் வழியாகப் போன பாத்திர வியாபாரி, ஒருவரையும் விடவில்லை. சம்பந்தி அம்மையப்பனுக்கு மட்டும் சும்மா தட்டோடு போனால் போதாது, பழம் பூவோடு பெரிய தாம்பாளத்தில் கொண்டுபோக வேண்டும் என்று கடைசிக்கு வைத்திருந்தார்கள். அதற்குள் பூவலிங்கத்துக்குக் காய்ச்சல் தூக்கி அடிக்க, அவர் படுத்துவிட்டார்.

அப்புறம் கொஞ்ச நாளைக்குக் கூழைக்குளத்தில் இருமல் சத்தம் கேட்காத தெரு கிடையாது. அற்புதமேரி வீடு வீடாக ஓடினாள். அந்தப் புண்ணியவதியால் ஒருவர்கூடக் கைவிட்டுப் போகாமல் ஊரே எழுந்து உட்கார்ந்தது. பூவலிங்கமும் தேறினார். மறுபடி டெஸ்ட் எடுத்துப் பார்த்து, இனி ஒன்றும் இல்லை என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்கு நாள் நெருங்கியிருந்தது. வீட்டில் முறுக்குப் பிழிய ஆரம்பித்தார்கள்.

அன்றைக்குத்தான் அம்மையப்பன் வந்து இறங்கினார். கார் கதவைச் சாத்திய சத்தத்திலேயே குழந்தைவேலு கடித்த முறுக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"உள்ள வாங்க மாமா" என்றார் பூவலிங்கம்.

"எதுக்கு வரணும்? நான் யாரு இந்த வீட்டுக்கு?" என்று வாசலிலேயே நின்றார் அம்மையப்பன். "ஊரு பூராவும் வெத்தல பாக்கு வச்சுச் சொல்லியிருக்கீக. பாத்திரம் விக்கவனுக்குக்கூடச் சொல்லியாச்சு. பொண்ணு குடுக்குத எனக்கு ஒரு வார்த்த சொல்லல!"

"ஒங்களுக்குப் பெருசாச் செய்யணும்னுதான் மாமா கடேசிக்கு வச்சிருந்தோம்."

"சரி, இப்பச் செய்யி. முறைப்படி எங்க வீட்டுக்கு வந்து, சொல்லி, இருமிட்டுப் போ. நான் எல்லாத்தையும் மறந்துருதேன்."

பூவலிங்கம் தலையைத் தொங்கப் போட்டார். "இப்ப எங்கிட்ட இல்லியே மாமா. போயிருச்சு."

"ஊருக்கெல்லாம் குடுத்துட்டு எனக்கு வரும்போது தீந்துபோச்சோ? இதுக்கு மேல இந்தச் சம்பந்தம் எதுக்கு? முகூர்த்தக்கால எங்க வேணும்னாலும் நட்டுக்கோங்க."

குழந்தைவேலு அழுதேவிட்டான். முடி கொட்டிய தலையோடு ஒரு ஆம்பிளை அப்படி அழுவதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. "மாமா, சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. எங்கயாவது பொரட்டிக் கொண்டாந்திருதோம்" என்று காலைப் பிடித்தான்.

ஊரெல்லாம் அலைந்தார்கள். "ஒங்க வீட்டுல யாருக்காவது மிச்சம் இருக்கா?" என்று வாசல் வாசலாகக் கேட்டார்கள். எல்லோருக்கும் சுகமாகிவிட்டிருந்தது. கடைசியில் தட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அம்மையப்பனும் இவர்களை நம்பாமல் கூடவே போனார். வேடிக்கை பார்க்க நாங்களும் பின்னாலேயே போனோம்.

"சிஸ்டர், கொரோனா உள்ளவுக ஒருத்தர மட்டும் கொஞ்சம் அனுப்பி வைங்க" என்றான் சடையப்பன். "ஒரு தடவ இரும வச்சுட்டுப் பத்திரமாக் கொண்டாந்து விட்டுருதோம்."

அற்புதமேரி அவர்களை வைத வசவை இங்கே எழுத முடியாது. வைது முடித்தபோதுதான் அம்மையப்பன் கண் சிவந்திருப்பதைக் கவனித்தாள். கோபம் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். கையைத் தொட்டுப் பார்த்தவள், அவரை உட்கார வைத்து மூக்கில் குச்சியை விட்டாள். அவருக்கு ஏற்கெனவே வந்திருந்தது.

அம்மையப்பன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"மரியாதைன்னா என்னன்னு நான் காட்டுதேன்" என்றார். "நாளைக்குக் காலைல வீட்டுல இருங்க."

மறுநாள் காலையில் மேலப்பாறையிலிருந்து நாதஸ்வரத்தோடு வந்தார் அம்மையப்பன். பின்னால் வரிசைத் தட்டுகள். அற்புதமேரி தெருமுனையில் நின்று கத்திய கத்தல், தவில் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. குழந்தைவேலுவை மணையில் உட்கார வைத்து, மாலை போட்டு, "மாப்ள, எனக்குக் கொரோனா வந்திருக்கு. மொதல்ல ஒங்களுக்குத்தான் சொல்லுதேன்" என்று முகத்துக்கு நேரே மூன்று தரம் இருமினார். குழந்தைவேலு கண் கலங்கக் கைகூப்பி ஏற்றுக்கொண்டான்.

"ஒரு குறையும் வச்சிராதீக" என்று போகும்போது சொன்னார் அம்மையப்பன். "நான் குடுத்தத மாப்ள வாங்கிக்கிட்டாருன்னு சேதி வந்தாத்தான் கல்யாணம்."

அன்றிலிருந்து குழந்தைவேலு ஆஸ்பத்திரி வாசலே கதியென்று கிடக்கிறான். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றுதான் வருகிறது. நேற்றும் போய் உட்கார்ந்தான்.

"காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டாள் அற்புதமேரி.

"இல்ல சிஸ்டர்."

"இருமல்?"

"அதும் இல்ல."

"பின்ன எதுக்கு வந்து உசிர வாங்குதீரு? ஒமக்குத்தான் ஒண்ணும் இல்லைன்னு அத்தன தடவ சொல்லியாச்சே!"

குழந்தைவேலு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்படிச் சொல்லாதீக சிஸ்டர். மாமா என் கண்ணு முன்னாலதான் குடுத்தாக, உள்ளதான் எங்கயோ கெடக்கும். நீங்க எப்பவும் வலது மூக்குலயே பாக்கீக. இந்த எடது மூக்குல ஒரு தடவ நல்லாத் தேடிப் பாருங்க."