பாதிக் குற்றத்துக்கு முழுச் சிறை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், ராஜாவுக்கு ஒரு நாள் காலையில் திடீரென்று நல்ல எண்ணம் வந்துவிட்டது. அந்த ராஜாவுக்கு நல்ல எண்ணம் வந்தால் ஊரில் யாராவது ஓடி ஒளிய வேண்டியிருக்கும்.

"நம் தலைநகரில் விபசாரம் என்ற பேச்சே இருக்கக் கூடாது. அக்குற்றம் புரிந்தோர் அனைவரையும் சிறையில் அடையுங்கள்" என்றார் ராஜா.

சபையில் இருந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் பலே பலே என்றார்கள். தண்டநாயகர் வீரபத்திரரின் குரல்தான் எல்லாவற்றையும்விட ஓங்கிக் கேட்டது. ஊர்க்காவலும் சிறையும் அவர் பொறுப்பு. அன்று மாலையே அவருடைய ஆட்கள் ஆற்றங்கரைத் தெருவில் புகுந்து இருபத்து மூன்று பெண்களைப் பிடித்துக்கொண்டு போய் அடைத்தார்கள். ராஜா நிம்மதியாகத் தூங்கினார்.

அந்தச் சபையில் மாசிலாமணி என்றொரு விகடகவி இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். ஆனால் அன்றிலிருந்து அவனுக்கே சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு மாதமும் வீரபத்திரர் சபைக்கு வந்து, சிறையில் கூட்டம் அதிகமாகிவிட்டது, கூரை வேய வேண்டும் என்று பொற்காசு கேட்பார். ராஜாவும் கொடுப்பார். மாசிலாமணி எழுந்து நிற்பான்.

"தண்டநாயகரே, சிறையில் பெண்கள் எத்தனை பேர்?"

"இருபத்து மூவர்."

"ஆண்கள்?"

"அதுபற்றிய விவரங்கள் திரட்டப்பட்டு வருகின்றன."

"கூரை?"

"பணி தக்க முறையில் நடைபெற்று வருகிறது."

அடுத்த மாதமும் அதே கேள்வி, அதே பதில். ஒரு மாதம் மாசிலாமணி கேள்வியை மாற்றிப் பார்த்தான். கூரையில் எத்தனை ஓடு என்று கேட்டான். 'போதுமான அளவு' என்றார் வீரபத்திரர். தேக்கா, வேம்பா என்று கேட்டான். 'மரம்' என்றார். எட்டு மாதம் இப்படியே ஓடியது. மாசிலாமணிக்குத் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. பக்கத்தில் இருந்தவரின் முடியைப் பிய்த்தாலும் தேவலை என்றிருந்தது.

ஒன்பதாம் மாதம் அவன் வாயைத் திறப்பதற்குள் ராஜா கையை உயர்த்தினார்.

"மாசிலாமணி, சிரிக்க வைப்பாய் என்று உன்னை வைத்திருக்கிறேன். நீயோ கொட்டாவி வர வைக்கிறாய்."

வீரபத்திரர் இதற்குத்தான் காத்திருந்தார். "மன்னா, குறை சொல்வது எளிது. பத்து நாள் சிறையை விகடகவியே நிர்வகித்துக் காட்டட்டும். தங்கள் முத்திரை இன்றே அவர் கையில் இருக்கட்டும். ஒரே ஒரு நிபந்தனை, அதுவும் நாளைச் சூரிய உதயம் முதல். மன்னர் தந்த பொருளால் வேய்ந்த கூரைக்கு வெளியே கைதி ஒருத்தி ஓர் அடி வைத்தாலும், அவள் இடத்தில் விகடகவி சிறை புக வேண்டும்."

ராஜாவுக்கு இது வேடிக்கையாகத் தோன்றியது. ஓலை எழுதி முத்திரை மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தார். வீரபத்திரர் மீசைக்குள் சிரித்ததை மாசிலாமணி பார்த்தான். எதற்குச் சிரித்தார் என்பது சிறைக்குப் போனபோதுதான் புரிந்தது.

வடக்கு வாசலுக்கு வெளியே பழைய யானைக் கொட்டாரம் ஒன்று இருந்தது. அதுதான் சிறை. நான்கு சுவர்கள் இருந்தன. மேலே பார்த்தால் வானம். ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. கணுக்கால் தண்ணீரில் பெண்கள் சுவரோரம் ஒட்டி நின்றார்கள். நடுவில் ஒருத்தி, காய்ச்சலில் நடுங்கிய இன்னொருத்தியின் தலைக்குமேல் கிழிந்த பாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாசிலாமணி உள்ளே வந்ததைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏ பொண்ணுங்களா, இங்க பாருங்க! கடைசியில ஒரு ஆம்பளையைப் பிடிச்சாந்துட்டாங்க!"

"இல்லையம்மா, நான் கைதி இல்லை. இன்றிலிருந்து சிறைக்கு நான் பொறுப்பு."

அவள் முகம் தொங்கிப்போயிற்று. "அட போங்க சாமி."

அவள் பெயர் பாவாயி. நடுங்கிக்கொண்டிருந்தவள் இருளாயி. நான்கு நாளாகக் காய்ச்சல்.

"உன்மேல் என்ன குற்றம் எழுதியிருக்கிறார்கள்?" என்று மாசிலாமணி கேட்டான்.

"செஞ்சதைத்தான் எழுதியிருக்காங்க. புருசன் விட்டுட்டுப் போனான், வயிறு விட்டுட்டுப் போகல. செஞ்சேன், இல்லைங்கல." பாயை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "ஆனா ஒண்ணு கேக்குறேன். நான் தனியாவா செஞ்சேன்?"

 எட்டு மாதம் சபையில் மாசிலாமணி சுற்றிச் சுற்றிக் கேட்டதை இவள் மூன்றே சொல்லில் கேட்டுவிட்டாள்.

மாசிலாமணி நேரே வாசல் காவலன் உடையானிடம் போனான். "கூரைக்கு மரமும் ஓடும் வந்ததா, இல்லையா?"

"வந்துச்சுங்க. எட்டுத் தடவை வந்துச்சு. வண்டியிலேருந்து இறக்கவே இல்லை. இந்த வாசல்ல நிறுத்தி, 'வந்து சேர்ந்தது'ன்னு எங்கிட்ட கைநாட்டு வாங்குவாங்க. வண்டி அப்படியே திரும்பி தண்டநாயகர் ஐயா புது வீட்டுக்குப் போயிடும்."

மாசிலாமணி ஓலையை விரித்து மறுபடி படித்தான். 'மன்னர் தந்த பொருளால் வேய்ந்த கூரை.' இல்லாத கூரைக்கு வெளியேதான் இந்தப் பெண்கள் இப்போதே நிற்கிறார்கள். விடிந்தால் குற்றவாளி அவன்தான். வீரபத்திரர் சிரித்தது இதற்குத்தான்.

"உடையான், பூட்டைத் திற" என்றான். "விடிவதற்குள் கூரை எங்கே இருக்கிறதோ அங்கே போகலாம்."

பொழுது சாய்வதற்குள் இருபத்து மூன்று பேரும் ராஜவீதியில் இருந்த வீரபத்திரரின் மாடி வீட்டு வாசலில் நின்றார்கள். இருளாயியை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். தேக்கு உத்தரம், புத்தம் புது ஓடு, ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காத கூரை. மாசிலாமணி முத்திரையைக் காட்டி, "இன்று முதல் இது சிறைச்சாலை" என்றான்.

வீரபத்திரரின் மனைவி தெய்வானையம்மாள் வெளியே வந்தாள். ஓலையைப் படித்தாள். இருளாயியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கூடத்தில் பாய் விரித்து, சுக்குக் கஷாயம் வைக்கச் சொல்லிவிட்டு, எல்லாருக்கும் சூடாகக் கஞ்சி ஊற்றினாள். பாவாயி குடித்து முடிக்கும்வரை காத்திருந்து அவளிடம் மெதுவாகக் கேட்டாள்.

"எங்க வீட்டு ஐயாவை உனக்குத் தெரியுமா?"

பாவாயி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அம்மா, உங்க கையால கஞ்சி குடிச்சிருக்கேன். அதை மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க."

 தெய்வானையம்மாள் எழுந்துபோய் வாசல் கதவை உள்ளே தாழ்போட்டாள்.

வீரபத்திரர் வீடு திரும்பியபோது உடையான் வேலோடு குறுக்கே நின்றான்.

"டேய், இது என் வீடுடா!"

மாடியிலிருந்து மாசிலாமணி எட்டிப் பார்த்தான். "அப்படியா? அப்படியே மன்னரிடம் வந்து சொல்லுங்கள். கூரை யார் பொருளில் வேய்ந்தது என்றும் கூடவே சொல்லிவிடுங்கள்."

 தன் வீடு என்று வீரபத்திரர் சொன்னால் திருட்டு. சிறை என்றால் வீடு போயிற்று. மச்சான் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில்தான் உண்மையான கூத்து ஆரம்பித்தது. அரண்மனைக்குப் போக அந்த ஒரே வீதிதான். பின்பக்கம் வெறும் சேற்று வயல். பாவாயியும் மற்றவர்களும் மாடிச் சாளரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். கருவூல அதிகாரி மனைவியோடு பல்லக்கில் வந்தார்.

"ஐயா, முட்டி வலி தேவலையா?" என்று பாவாயி அன்பாக விசாரித்தாள். பல்லக்குக்குள் கேட்ட சத்தம் முட்டி வலியால் வந்ததல்ல.

அடுத்துக் குதிரையில் சேனாபதி வந்தார். "சேனாபதி ஐயா! நீங்க விட்டுட்டுப்போன தலைப்பாகையை எலி கடிச்சிருச்சு, கோவிச்சுக்காதீங்க." குதிரை வந்த வேகத்தில் திரும்பியது.

அன்று சபைக்கு ஐந்து பேர் வந்தார்கள். மறுநாள் இரண்டு பேர், அதுவும் முழங்கால்வரை சேற்றோடு. நான்காம் நாள் ராஜா வந்து அமர்ந்தபோது சபையில் மாசிலாமணி மட்டும் இருந்தான். மற்ற எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வயிற்று வலி என்று ஓலைகள் வந்து குவிந்திருந்தன.

"என்ன நடக்கிறது இந்த நாட்டில்?"

"மன்னா, வரும் வழியில் சிறை இருக்கிறது. அதைத் தாண்டிவர இவர்களுக்குத் தைரியம் இல்லை."

"சிறை வடக்கு வாசலுக்கு வெளியே அல்லவா இருக்கிறது?"

"அங்கே சுவர்தான் இருக்கிறது. தங்கள் பொருளால் வேய்ந்த கூரை எங்கே இருக்கிறதோ, தங்கள் ஆணைப்படி கைதிகளை அங்கே வைத்திருக்கிறேன். ஓர் அடிகூட அவர்கள் வெளியே வைக்கவில்லை."

ராஜா அப்போதே புறப்பட்டார். சாளரத்திலிருந்து பாவாயி அவரை உற்று உற்றுப் பார்த்தாள். மற்றவர்களிடமும் கேட்டுப் பார்த்தாள்.

"இது யாரு? இவரை நாங்க யாருமே பார்த்ததில்லையே?"

"ஏம்மா, அவர்தான் மகாராஜா!" என்று உடையான் பதறினான்.

"அப்படிச் சொல்லுங்க! சபையில எங்க தெருவுக்கு வராம மிச்சம் இருந்தது இவர் ஒருத்தர்தான்."

ராஜா ஒரு கணம் திகைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கிரீடம் நழுவும்வரை சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் மச்சான் வீட்டிலிருந்து வீரபத்திரரை அழைத்து வரச் சொன்னார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். ஓடுகளை எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார்.

"தண்டநாயகரே, இது யார் வீடு?"

"மன்னா, அதுபற்றிய விவரங்கள்..."

"திரட்ட வேண்டாம். என் பொருளில் கட்டிய சிறை இது. நீர் இங்கேயே இரும், கைதியாக. கீழே கடைசி அறை."

தெய்வானையம்மாள் அந்த அறையின் சாவியை எடுத்து உடையானிடம் கொடுத்தாள்.

மாசிலாமணி சும்மா இருக்கவில்லை. "மன்னா, குற்றம் புரிந்தோர் அனைவரும் என்று ஆணையிட்டீர்கள். பாதிப் பேர்தான் உள்ளே இருக்கிறார்கள். மீதிப் பாதிக்கு வயிற்று வலி. ஒன்று அவர்களையும் கொண்டுவாருங்கள், அல்லது இவர்களை விடுங்கள்."

"அவர்கள் எல்லாரையும் உள்ளே போட்டால் நாட்டை யாரப்பா நடத்துவது?"

"இப்போது மட்டும் யார் நடத்துகிறார்கள், மன்னா?"

ராஜா மறுபடி சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டார். "வேறு என்ன வேண்டும், கேள்."

"இதை வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு நான் பெரிய மனிதன் இல்லை" என்று மாசிலாமணி மாலையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டான். "ஆனால் இனிமேல் சிறைக்குப் பொருள் கொடுத்தால், அடுத்த மழையில் தாங்களே போய் அந்தக் கூரையின் கீழ் ஒரு நாழிகை நிற்க வேண்டும். நனையாமல் திரும்பினால் மேற்கொண்டு கொடுங்கள்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

பாவாயி படியில் இறங்கி வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். அவளுக்குப் பின்னால், சுவரைப் பிடித்துக்கொண்டு, இருளாயி தானாகவே நடந்து வந்தாள்.

"ஐயாமாரே, சிரிச்சு முடிச்சாச்சுன்னா எங்களை விடுறீங்களா?"

ராஜா சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "போகலாம் அம்மா. எல்லாரும் போகலாம்."

"வாயால சொன்னாப் பத்தாது. நீங்க அரண்மனைக்குப் போனதும் வேற ஒருத்தர் வந்து பிடிப்பாரு. எழுதிக் கொடுங்க."

ராஜாவிடம் அப்படி யாரும் பேசியதில்லை. அவர் எழுத்தாணியை வாங்கி அங்கேயே எழுதினார். பாவாயிக்குப் படிக்கத் தெரியாது. ஓலையை மாசிலாமணியிடம் கொடுத்து இரண்டு தடவை உரக்கப் படிக்கச் சொன்னாள்.

"'எந்தக் காவலனும் பிடிக்கலாகாது'ன்னு இருக்குல்ல? அங்க 'எந்த அதிகாரியும்'னு சேத்துக்கச் சொல்லுங்க. அனுப்புறவங்க அவங்கதானே."

ராஜா ஓலையைத் திரும்ப வாங்கி, அதையும் சேர்த்து, மாசிலாமணியிடமிருந்து மோதிரத்தை வாங்கி முத்திரை வைத்தார். பாவாயி அதை இடுப்பில் செருகிக்கொண்டு, இருளாயியின் தோளில் கை போட்டு, ராஜவீதியின் நடுவிலேயே நடந்து போனாள். இரு பக்கத்து மாளிகைகளிலும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. ராஜா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று அந்த நாட்டில் சொல்லுவார்கள்.