பதினாலு பக்கமும் ஒரு சுண்டுவிரலும்

தூத்துக்குடியில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில், ஒரு ஐஸ் கம்பெனியின் மாடியில் ஜெசிந்தா டீச்சர் புகைப்பட வகுப்பு நடத்திவந்தார். வயது நாற்பதுக்குள்தான். ஷட்டர் சத்தத்தை வைத்தே படம் ஆடியிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஒரு தடவை படிக்கட்டில் யாரோ தும்மியதைக் கேட்டு, "அறுபதில் ஒரு நொடி, கை ஆடிப்போச்சு" என்றார். தும்மியது நான்தான். கை ஆடியதும் உண்மை.

அவருடைய சீடர்களில் மூத்தவர் மாசிலாமணி. டீச்சரைவிட இருபத்திரண்டு வயது பெரியவர். மின்மீட்டர்களைச் சோதிக்கிற கூடத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் அளக்காமல் நம்பமாட்டார். கல்யாண வீட்டில் பாயசத்துக்குள் வெப்பமானியை விட்டுப் பார்த்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார். அவர் டீச்சர் என்பார். யார் குரு, யார் சீடர் என்பதில் இருவருக்கும் குழப்பம் வந்ததில்லை.

புகைப்படப் பிரியர்களுக்கென்று வரும் சின்ன மாத இதழ் ஒன்றில் மாசிலாமணி கேமராக்களை மதிப்பிட்டு எழுதிவந்தார். அதற்கு வாசகர்கள் நானூறு பேர். முந்நூறு பேர் கேமரா வாங்கப் போகிறவர்கள். மீதி நூறு பேர், தாங்கள் வாங்கியது சரிதானா என்று பார்த்துக்கொள்கிறவர்கள்.

ஒரு சனிக்கிழமை காலையில் அவர் மாடியேறி வந்தார். ஒரு கையில் கேமரா, இன்னொரு கையில் காகிதக் கட்டு. எப்போதும்போல முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் வரை போட்டிருந்தார்.

கேமரா உள்ளங்கை அகலம்தான். மிர்ரர்லெஸ் வகை. உள்ளே கண்ணாடி கிடையாது என்பதால் உடம்பும் சிறியது. கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரம்கூட இல்லை, பின்னால் உள்ள திரைதான் எல்லாம். ஒரு கடையின் காட்சி மேசையிலிருந்து இரவல் வாங்கியது. திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். அன்றைக்கே கட்டுரையும் அச்சுக்குப் போக வேண்டும்.

"டீச்சர், இது நல்ல கேமராவா இல்லையா?"

"நீங்கதானே அளந்தீங்க."

"அளந்துட்டேன். பதினாலு பக்கம். நூத்துக்கு எழுபத்தெட்டரை மார்க்கு வருது. கடைசி வரி மட்டும் வரமாட்டேங்குது."

டீச்சர் காகிதங்களைப் புரட்டினார். செங்கல் சுவரை எடுத்த படங்கள். செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி நான்கு மூலையும் எடுத்த படங்கள். இருட்டில் எத்தனை புள்ளி தெறிக்கிறது, பேட்டரி எத்தனை படம் தாங்குகிறது, திரை எவ்வளவு வெளிச்சம் காட்டுகிறது என்று பக்கத்துக்குப் பக்கம் கட்டம் போட்ட அட்டவணைகள்.

"சுவர் நல்லா வந்திருக்கு."

"கேலி பண்ணாதீங்க டீச்சர்."

"ஏன் கடைசி வரி வரல?"

மாசிலாமணி சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். கோவில்பட்டியிலிருந்து சண்முகவடிவு என்கிற ஒரு வாசகி எழுதியது. ஓய்வு பெற்ற நர்ஸ். தெருநாய்களைப் படமெடுப்பவர். தெருவில் உள்ள ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனி ஆல்பம் வைத்திருக்கிறாராம்.

எழுத்து கோணல்மாணலாக இருந்தது. இடது கையால் எழுதியது.

'போன ஐப்பசியில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பழைய கேமராவைத் தூக்க முடியவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். நீங்கள் அடுத்து எழுதப்போகிற சின்னக் கேமராவை ஒரு கையால், அதுவும் இடது கையால், பிடிக்க முடியுமா? முடியாது என்றால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். அத்தோடு இந்த ஆசையை விட்டுவிடுகிறேன். நாய்களுக்குச் சோறு மட்டும் வைத்துக்கொண்டு இருந்துவிடுகிறேன்.'

டீச்சர் கடிதத்தை மடித்து அவர் பையிலேயே திரும்ப வைத்தார்.

"இதுக்கு எத்தனாவது பக்கத்துல பதில் இருக்கு?"

"எடை ரெண்டாம் பக்கத்துல இருக்கு. லென்ஸோட நானூத்திப் பன்னெண்டு கிராம்."

"வலது கையை நீட்டுங்க."

நீட்டினார். டீச்சர் தன் தோளில் இருந்த ஊக்கைக் கழற்றி, அவருடைய வலது கைச் சட்டையின் நுனியைச் சட்டையின் மார்போடு சேர்த்துக் குத்திவிட்டார். கை, சத்தியப் பிரமாணம் எடுக்கப் போகிறவர்போல நெஞ்சின் மேல் நின்றது.

"உப்பளத்துக்குப் போயிட்டு வாங்க. ஊக்கைக் கழட்டாம படம் எடுத்துட்டு வாங்க."

"உப்பளம் எதுக்கு டீச்சர்? இங்கனயே எடுத்துப் பாக்குறேனே."

"இங்க சுவர்தான் இருக்கு."

அந்த நிலையில் ஸ்கூட்டர் ஓட்ட முடியாது. கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு டவுன் பஸ்சில் ஏறினார். ஒரு பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். மாசிலாமணி அறுபத்தோரு வயதில் முதன்முதலாக வெட்கப்பட்டார்.

உப்பள வெயிலைப் பற்றி நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். அங்கே நுழைகிற காக்கை வெளியே வரும்போது நரைத்திருக்கும். மேலேயிருந்து ஒரு வெயில், தரையிலிருந்து ஒரு வெயில். மாசிலாமணி கேமராவைத் தூக்கித் திரையைப் பார்த்தார். கறுப்புச் சதுரத்துக்குள் அவர் முகம்தான் தெரிந்தது. திரையின் வெளிச்சம் போதுமானது என்று ஆறாம் பக்கத்தில் எழுதியிருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது.

அதைவிடப் பெரிய தொல்லை பொத்தான். உலகத்தில் உள்ள கேமராக்களுக்கெல்லாம் பொத்தான் வலது பக்கம்தான். இடது கையால் பிடித்தால் விரல் அதுவரை எட்டவில்லை. எட்டிப் பிடித்தால் கட்டைவிரல் லென்ஸை மறைத்தது. மறைக்காமல் பிடித்தால் கேமரா நழுவியது. நழுவியதைத் தாடையால் தாங்கினார். வயிற்றில் முட்டுக் கொடுத்தார். பதினோரு தடவை முயன்றார். எண்ணிக்கையில் தவறு இருக்காது, அவர் ஆயிற்றே.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் வெகுநேரமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பலகையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"கையில என்ன அண்ணாச்சி, அடியா?"

"அடி இல்ல. ஊக்கு."

"ஊக்குன்னா கழட்ட வேண்டியதுதானே."

"கழட்டக் கூடாது."

"நேர்த்திக்கடனா?"

அவர் சொன்னார். கோவில்பட்டியில் ஒரு அம்மா, விழுந்த கை, பூட்டிய பீரோ, நாய்கள், எல்லாம் சொன்னார். திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும் என்பதையும், முடியாது என்று எழுதத்தான் இப்போது கிளம்பிக்கொண்டிருப்பதையும் சொன்னார்.

பேச்சியம்மாள் கேமராவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். கை ஈரம் என்பதால் தொடவில்லை.

"பித்தான் எங்க இருக்கு?"

"அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் இருந்தா, சாமானத்த இந்தப் பக்கமாத் திருப்பிப் புடிங்களேன்."

"திருப்புனா கவுந்துல்ல போகும்."

"கவுந்தா என்ன, பால் கொட்டிருமா?"

மாசிலாமணி கேமராவைப் பார்த்தார். பிறகு மெதுவாக அதைத் தலைகீழாகத் திருப்பினார்.

வலது பக்கத்துப் பிடி இடது பக்கம் வந்தது. இடது கையின் மூன்று விரல்கள் அதைச் சுற்றிக்கொண்டன. கட்டைவிரல் பின்னால் போய் நின்றது. மேலே இருந்த பொத்தான் இப்போது அடியில் இருந்தது. அங்கே, வேறு வேலை எதுவும் இல்லாமல், சுண்டுவிரல் இருந்தது.

அழுத்தினார். கேமரா ஆடவில்லை.

"விழுந்துச்சா படம்?"

"தெரியலம்மா. திரையே தெரியல."

பேச்சியம்மாள் நகர்ந்து வந்து, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவளுடைய நிழல் திரைமேல் விழுந்தது. அவர் மறுபடியும் அழுத்திவிட்டுக் கேமராவை நிமிர்த்தினார். எடுத்த படம் இரண்டு நொடி தெரிந்து மறைந்தது. வானம் கீழேயும் உப்பு மேலேயுமாக.

"ஏ லெட்சுமி, இங்க வா. நம்மளத் தலகீழாத் தொங்கவிட்டுப் படம் புடிக்காவ."

அதற்குப் பிறகு அவர் எண்ணவில்லை. அவர்கள் வாரினார்கள், சுமந்தார்கள், சிரித்தார்கள், தண்ணீர் குடித்தார்கள். அவரும் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் இரண்டு நொடி படம் தெரிந்து மறைந்தது. கிளம்பும்போது பேச்சியம்மாள் சொன்னாள்:

"கோயில்பட்டி அம்மாட்ட சொல்லுங்க. சுண்டுவெரலு போதும்னு."

மூன்று மணிக்கு மாசிலாமணி படிகளை இரண்டிரண்டாக ஏறி வந்தார். சத்தத்தை வைத்தே டீச்சர் கண்டுபிடித்திருப்பார்.

"எடுத்துட்டீங்க."

"எடுத்துட்டேன் டீச்சர். எப்படியும் நாப்பது அம்பது இருக்கும்."

"எப்படியுமா? அண்ணாச்சியா பேசுறது?"

டீச்சர் கேமராவை வாங்கினார். அடிமூடியைத் திறந்தார். படம் பதிகிற மெமரி கார்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பள்ளம் இருந்தது.

மாசிலாமணி இடது கையால் சட்டைப் பையைத் தடவினார். பிறகு தடவுவதை நிறுத்தினார். செங்கல் சுவரை அளப்பதற்காக அந்தக் கார்டை நேற்று வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகியிருந்தார். அது இன்னும் அங்கேதான் இருந்தது.

"கார்டு இல்லாம இது எப்படி டீச்சர் வேலை செய்யும்?"

டீச்சர் காகிதக் கட்டை எடுத்து, பதினோராம் பக்கத்தை வாசித்தார்.

"'கடைக்கு வருகிறவர்கள் அழுத்திப் பார்ப்பதற்காக, கார்டு இல்லாமலும் ஷட்டர் இயங்கும்படி இதில் ஒரு ஏற்பாடு உள்ளது. படம் திரையில் தோன்றும், எங்கும் பதியாது. கவனமில்லாதவர்களுக்கு இது ஆபத்து.'"

கீழே ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டது. மாசிலாமணி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அரை மார்க்கு இதுக்குத்தான் குறைச்சேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தார்.

"என்ன எடுத்தீங்க?"

"சொல்லி என்ன டீச்சர், போச்சே."

"சொல்லுங்க."

"பேச்சியம்மான்னு ஒருத்தங்க. காலுக்குப் பழைய சாக்ஸ் போட்டிருக்காங்க. ஒண்ணு நீலம், ஒண்ணு பள்ளிக்கூடப் பிள்ளைங்க போடுற வெள்ளை. கண்ணச் சுருக்கிச் சுருக்கி ஓரத்துல கோடு விழுந்திருக்கு. அந்தக் கோட்டுக்குள்ள மட்டும் வெயில் படாத நிறம். சிரிக்கும்போது கோடு விரியுது டீச்சர். விரிஞ்சா உள்ள வேற ஒரு சின்ன முகம் இருக்கிற மாதிரி இருக்கு. லெட்சுமின்னு ஒரு பொண்ணு, தண்ணி குடிக்கும்போது கடைசி வாயைக் குடிக்காம உள்ளங்கையில ஊத்தி, கண்ணைக் கழுவிக்கிறா."

"ஷட்டரை எத்தனையில ஒரு நொடி வச்சீங்க?"

"பார்க்கல."

சொன்ன பிறகுதான் அவருக்கே அது கேட்டது. முப்பத்து மூன்று வருடத்தில் அவர் பார்க்காமல் விட்ட முதல் அளவு அது என்று நினைக்கிறேன்.

"ஆனா கட்டுரைக்குப் படம் வேணுமே டீச்சர். ஆதாரம் இல்லாம அந்தம்மாவுக்கு நான் என்னன்னு எழுதுவேன்?"

"கடிதத்தை எடுங்க."

எடுத்தார்.

"அதுல படம் எப்படி வரும்னு ஏதாவது கேட்டிருக்காங்களா?"

மாசிலாமணி கடிதத்தை முதலிலிருந்து படித்தார். மறுபடியும் படித்தார். உதடு அசையப் படித்தார். பிறகு காகிதக் கட்டை எடுத்து, பதினாலாம் பக்கத்தைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் இடது கையால் எழுத ஆரம்பித்தார். எழுத்து கோணல்மாணலாக வந்தது. பேனா மூன்றாவது வரியில் நின்றது.

டீச்சர் குனிந்து அந்த ஊக்கைக் கழற்றினார். வலது கை மரத்துப்போய், தானாகவே மடியில் விழுந்தது. மாசிலாமணி அதை இடது கையால் தேய்த்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் விரல்கள் ஒவ்வொன்றாக அசைந்தன. ஐந்தும் அசைகிற வரைக்கும் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பேனாவை மறுபடியும் இடது கையிலேயே எடுத்தார்.

"ஒண்ணு மட்டும்தான் டீச்சர் இடிக்குது. கவுத்துப் பிடிச்சா நாயெல்லாம் தலைகீழால்ல வரும்?"

"படத்தைத் திருப்பிக்கலாம், அண்ணாச்சி."