வாசல் எழுதிய சீட்டு

மலைமேல் ஓர் ஊரில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அதன் ஸ்கேன் அறைச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், ஒரு பெட்டி மாட்டியிருந்தது. பெட்டிக்குள் உறை என்று ஒருத்தியும் வேகம் என்று ஒருவனும் வேலை பார்த்தார்கள்.

ஸ்கேன் மெஷின் எடுக்கும் படங்களைக் கீழே நகரத்தில் இருக்கும் பெரிய டாக்டருக்கு அனுப்ப வேண்டும். மெஷின் படத்தைத் துண்டு துண்டாக்கிப் பொட்டலங்களில் நிரப்பித் தரும். உறை ஒவ்வொரு பொட்டலத்தையும் சுற்றி, முடிச்சுப் போட்டு, முத்திரை வைப்பாள். வேகம் அதைத் தூக்கிக்கொண்டு சுரங்கத்தில் ஓடுவான். எல்லோரும் போகிற பொது வழிக்குள்ளேயே அவர்களுக்கென்று இருந்த தனிச் சுரங்கம் அது.

உறை எதற்கெடுத்தாலும் பயப்படுவாள். வழியில் யாராவது பிரித்துப் பார்த்துவிட்டால்? பொட்டலத்தில் ஒரு பெண்ணின் கர்ப்பப்பை இருக்கும், குடித்துக் கெட்ட ஒருவனின் ஈரல் இருக்கும். கூடவே பேரும் ஊரும் இருக்கும். ஒரு தடவை ஊர் வாயில் விழுந்தால் யார் திரும்ப எடுப்பது? அதனால் ஒரு சுற்றுக்கு மேல் இன்னொரு சுற்றுச் சுற்றுவாள். அதற்கும் மேல் ஒன்று சுற்றினால் என்ன என்று யோசித்துக்கொண்டே இருப்பாள்.

"அக்கா, நீ சுத்தி முடிக்கறதுக்குள்ள நோயாளி குணமாகி வீட்டுக்கே போயிடுவான்," என்பான் வேகம்.

"போகட்டுமே. மானத்தோட போவான்," என்பாள் உறை.

ஒரு நாள் மத்தியானம் சுகந்தி என்கிற தேயிலைத் தோட்டத்துப் பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பிறந்து இரண்டு நாளான பெண் குழந்தை. உதடும் நகமும் நீலம் பாரித்திருந்தன. அந்த ஆஸ்பத்திரிக்கு இருந்த ஒரே டாக்டர் எஸ்தர், குழந்தையின் இதயம் துடிப்பதைப் படம் எடுத்து நகரத்துக்கு அனுப்பிவிட்டு, அங்கே இருந்த பெரிய டாக்டர் அன்வரைப் போனில் கூப்பிட்டாள்.

"பாதிகூட வரலையேம்மா," என்றார் அவர். "நின்னு நின்னு வருது. இதயத்தைப் பார்க்காம, இதயக் குழாயைத் திறந்து வைக்கற அந்த மருந்தை ஏத்தச் சொல்ல மாட்டேன். தப்பாப் போனா மூச்சே நின்னுடும்."

"எவ்வளவு நேரம் தாங்கும் சார்?"

"நீங்க சொல்ற நிறத்தைப் பார்த்தா, ஒரு மணி நேரம்."

சுகந்தி குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெட்டிக்குள் எல்லாம் கேட்டது. வேகம் ஓடிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் சுரங்கம் தொடங்கும் முனையில் வாசல் என்று ஒன்று நின்றிருந்தது. அதற்கு ஒரே அகலம்தான், யாருக்காகவும் விரியாது. மெஷின் நிரப்பித் தரும் பொட்டலம் அந்த அகலத்துக்கு மிகச் சரியாக இருக்கும். உறை சுற்றியதும் இரண்டு விரல்கடை பருத்துவிடும். மிச்சத்தை வாசல் வெட்டித் தனித் துண்டாக்கிவிடும். வேகம் பெரிய துண்டோடு ஒரு தடவை ஓடி, திரும்பி வந்து, நகத்தளவு துண்டோடு இன்னொரு தடவை ஓட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பக்கம் முத்திரை திறக்கும். நகத்தளவு துண்டு வழியில் தொலைந்தாலும் அந்தப் பொட்டலத்தை மறுபடி முதலிலிருந்து அனுப்ப வேண்டும்.

வேகம் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தான். "அக்கா, இன்னைக்கு ஒரு நாள் சுத்தாம குடு."

"பொண்ணுடா. இதயத்துல கோளாறுன்னு தெரிஞ்சா நாளைக்கு நாலு பேரு பேசுவாங்க."

"நாளைக்கு அவ இருந்தாத்தானே பேசுவாங்க."

உறை கையிலிருந்த பொட்டலத்தின் மேல் சுற்றைக் கழற்றினாள். வாசலில் வைத்துப் பார்த்தாள். இன்னும் ஒரு விரல்கடை துருத்திக்கொண்டு நின்றது. உள் சுற்றின் முடிச்சில் கை வைத்தாள். முடிச்சு தளர்ந்ததும் உள்ளே இருந்தது தெரிந்தது. குழந்தையின் ஒரே ஒரு துடிப்பு. திறந்து மூடிக்கொண்டிருந்தது, புளியங்கொட்டை அளவுகூட இல்லை.

இதை வெறும் உடம்போடு எப்படித் தெருவில் விடுவது? மூடி வைத்துக்கொண்டும் எப்படி உட்கார்ந்திருப்பது? உறை அழ ஆரம்பித்தாள்.

"என் சீட்டைப் படிச்சீங்களா இல்லையா?" என்றது வாசல்.

"எந்தச் சீட்டு?"

"வெட்டும்போதெல்லாம் ஒரு சீட்டு எழுதி உள்ள போடறேனே. மூணு வருஷமா."

உறை திரும்பிப் பார்த்தாள். மூலையில் காகிதங்கள் குவிந்து கிடந்தன. வெளியிலிருந்து வருகிற எதையும் அவள் கையால் தொடுவதில்லை. என்ன விஷமோ, யார் அனுப்பியதோ என்று காலாலேயே ஓரமாகத் தள்ளிவிடுவாள்.

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே," என்றாள்.

"சொன்னேன். யாரோ கூப்பிடறாங்க, திரும்பிப் பார்க்காம ஓடுன்னு தம்பிகிட்ட சொன்னீங்க."

வேகம் கூரையைப் பார்த்தான்.

உறை ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தாள். இன்னொன்றைப் பிரித்தாள். எல்லாவற்றிலும் அதே எழுத்து. 'என் அகலம் இவ்வளவுதான். உறைக்கு ஒரு விரல்கடை இடம் விட்டு நிரப்பச் சொல்லுங்கள். அப்படியே போகலாம். எனக்கும் வெட்டப் பிடிக்கவில்லை.'

உறை கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷினைத் தட்டினாள். "அண்ணே, விளிம்பு வரைக்கும் நிரப்பாதீங்க. ஒரு விரல்கடை குறைச்சுப் போடுங்க."

"குறைச்சுப் போட்டா என்னைச் சோம்பேறின்னு சொல்வாங்களேம்மா. பொட்டலத்தோட எண்ணிக்கையும் கூடும்."

"கூடட்டும். முழுசாப் போய்ச் சேரட்டும். நான் சுத்தறதுக்கும் இடம் வேணும்ல."

மெஷின் முனகிக்கொண்டே குறைத்துப் போட்டது. உறை ஒரு சுற்றுச் சுற்றினாள். பழக்கத்தில் கை இரண்டாவது சுற்றுக்குப் போனது.

"அக்கா," என்றான் வேகம்.

"தெரியும். ஒண்ணுதான். முடிச்சை மட்டும் நல்லாப் போட்டுடறேன்."

 முடிச்சு இறுகியது. பொட்டலம் வாசலில் உரசாமல் நுழைந்தது. அடுத்ததும் நுழைந்தது. வாசல் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "போ தம்பி, போ," என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. வேகம் வெறுங்கையோடு ஓடுகிறவன் மாதிரி ஓடினான்.

 எஸ்தர் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"வந்துடுச்சு," என்றார் அன்வர். "நல்லாத் தெரியுது. மருந்தை ஏத்துங்க எஸ்தர், சொட்டுச் சொட்டா. மூச்சைப் பார்த்துக்கிட்டே ஆம்புலன்ஸ்ல கீழே கொண்டு வாங்க. நான் தயாரா இருக்கேன்."

மருந்து இறங்கியது. குழந்தையின் உதட்டில் இருந்த நீலம் வெகு மெதுவாக வெளுத்தது. அப்புறம்தான் அது அழுதது. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். சுகந்தி அப்போதுதான் தரையில் உட்கார்ந்தாள். பெட்டிக்குள் உறையும் உட்கார்ந்தாள்.

வெளியே பனிமூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்றது. சுகந்தி குழந்தையைத் துண்டில் சுற்றினாள். அதன் மேல் ஸ்வெட்டரைச் சுற்றினாள். தன் சால்வையையும் எடுத்துச் சுற்றினாள். பேருக்குக்கூட முகம் தெரியவில்லை.

எஸ்தர் குனிந்து இரண்டு விரலால் சால்வையை விலக்கினாள்.

"வழியெல்லாம் குளிருமே டாக்டர்," என்றாள் சுகந்தி.

"குளிரும்தான். போர்த்தும்மா. மூச்சுக்கு இடம் விட்டுப் போர்த்து."