சுடலைக்குயில் கேட்ட இடம்

அந்தக் காலத்தில் பறவைகளுக்கெல்லாம் பேச்சு இருந்தது. தவிட்டுக்குருவிகளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. கருவேலங்காட்டில் அக்கா தங்கைகள் ஏழு பேர். விடியலில் வாயைத் திறந்தால் இருட்டித்தான் மூடுவார்கள். அவர்களில் கடைக்குட்டி இளையாள் மட்டும் ஒருநாள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அக்காமாரோடு புழுதி குளிக்கப் போன நேரத்தில், சாரைப்பாம்பு அவள் கூட்டிலிருந்த குஞ்சுகளை விழுங்கிவிட்டது. "நான் போகாம இருந்திருந்தா..." என்றதுதான் கடைசிப் பேச்சு. வெறுங்கூட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்காமார் மாறி மாறிப் புழு கொண்டுவந்தார்கள். எதையும் தொடவில்லை. நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

"இப்படியே இருந்தா இவளும் போயிடுவாடி" என்று மூத்தவள் அழுதாள்.

அந்த நேரம் பார்த்து வந்தாளே சுடலைக்குயில்! மழைக்காற்றில் கொண்டை கலைந்து, மூச்சிரைக்க வந்து நின்றாள். "அக்கா, எனக்குக் கூடு கட்டத் தெரியாது. முட்டை இப்பவோ அப்பவோன்னு இருக்கு. கொஞ்சம் இடம் தாங்க."

இளையாள் ஒதுங்கி உட்கார்ந்தாள். குயில் முட்டையை இட்டுவிட்டுப் பறந்தாள் பாருங்கள், திரும்பியே பார்க்கவில்லை.

காடே அமளிதுமளி. "யாரோ பெத்ததுக்கு நீ ஏன்டி அடைகாக்கணும்?" என்று அக்காமார் குதித்தார்கள். இரண்டாமவள், "விடுங்கடி, ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். இளையாள் கண்ணீர் விட்டாள். ஆனாலும் முட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஓடு உடைந்தது. மொட்டை உடம்பு, அதைவிடப் பெரிய வாய், பசி பசி என்று ஒரே கூப்பாடு! அன்றைக்கும் மூத்தவள் தங்கைக்கு ஒரு வெட்டுக்கிளி கொண்டுவந்திருந்தாள். இளையாள் அதை வாங்கினாள். அக்காமார் மூச்சுவிடவில்லை. அவள் குனிந்து, அந்தச் சிவந்த வாய்க்குள் அதைத் திணித்தாள். அழுதுகொண்டேதான் ஊட்டினாள்.

விழுங்கிய வாய் உடனே மறுபடியும் திறந்தது.

"இன்னொண்ணு கொண்டா அக்கா, இதுக்குப் பத்தாது" என்றாள் இளையாள். சற்றுப் பொறுத்து, "எனக்கும் ஒண்ணு. பசிக்குது" என்றாள்.

அவ்வளவுதான், ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அன்று முதல்தான் சுடலைக்குயிலின் குஞ்சைத் தவிட்டுக்குருவிகள் வளர்க்கின்றன. ஏமாந்த குருவி என்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அது யார் பெற்ற பிள்ளை என்று குருவிக்குத் தெரியும்.